திரும்பி வந்த சரக்கு

பீப்பாய் என்பது தமிழ் வார்த்தை இல்லை. போர்த்துகீசியர்கள் விட்டுப் போனது. அவர்கள் பாஷையில் 'பீப்பா' என்றால் ஒயின் அடைத்து வைக்கிற பெரிய மர உருளை. ஜன்னல், சாவி, அலமாரி, ஏலம் இவற்றோடு சேர்ந்து நம் கரையில் இறங்கிவிட்டது. உருளை சரி, உள்ளே இருந்தது என்ன ஆயிற்று? பி.காம். படித்தவன் இதைக் கேட்காமல் விடலாமா?

இந்த விசாரணையை காயல்பட்டினத்தில் ஆரம்பித்தது என் கிரகம். சாராயக் கடை, சினிமா தியேட்டர், போலீஸ் ஸ்டேஷன் மூன்றும் இல்லாத ஊர் என்று சின்ன வயசிலிருந்து கேள்விப்பட்டிருக்கிறேன். 13-ம் நூற்றாண்டின் கடைசியில் இந்தக் கரைக்கு வந்த மார்க்கோபோலோவும், இங்கே குடிக்கிறவனைச் சாட்சிக்கு ஏற்க மாட்டார்கள், கப்பலில் போகிறவனையும் ஏற்க மாட்டார்கள் என்று எழுதி வைத்திருக்கிறார். ஊரில் பாதிப் பேர் கப்பலை நம்பிப் பிழைக்கிறபோது யார்தான் சாட்சி சொன்னார்களோ!

16-ம் நூற்றாண்டில் முத்துக்காகப் போர்த்துகீசியர்கள் வந்தார்கள். பக்கத்துப் புன்னைக்காயலில் கோட்டை போட்டார்கள். 1658-ல் டச்சுக்காரர்கள் தூத்துக்குடியைப் பிடிக்கிற வரை அவர்கள் ராஜ்யம்தான். சர்ச்சில் பூசைக்குத் திராட்சை ரசம் வேண்டும். லிஸ்பனிலிருந்து இங்கே வர பூமத்திய ரேகையை இரண்டு தடவை தாண்ட வேண்டும். சாதாரண ஒயின் அந்த வெயிலில் என்ன ஆகும்? ஊறுகாய்க்கு ஊற்றலாம்.

பிற்பாடு ஒரு வழி கண்டுபிடித்தார்கள். புளித்துக்கொண்டிருக்கும்போதே கொஞ்சம் பிராந்தி ஸ்பிரிட்டை ஊற்றினால் ஈஸ்ட் செத்துவிடும். மிச்ச சர்க்கரை அப்படியே நிற்கும். இனிப்பும் உண்டு, கெடவும் கெடாது. போர்ட் இப்படித்தான். ஆல்கஹால் சுமார் 20 சதவீதம், எனவே பீர் டம்ளரில் ஊற்றாதீர்கள்.

மெதீராதான் வேடிக்கை. அது அட்லாண்டிக்கில் ஒரு தீவு. மதராஸ் வரும் கம்பெனிக் கப்பல்கள் அங்கே நின்று பீப்பாய் ஏற்றிக்கொள்ளும். அடித்தளத்துச் சூட்டில் மாசக்கணக்கில் வெந்து வந்ததைத் திறந்தால், ஊரில் இருந்ததைவிட ருசி! கோட்டையிலிருந்த வெள்ளைக்காரர்கள் அதையேதான் குடித்தார்கள். இப்போது கப்பல் கிடையாது. தொட்டியில் 45, 50 டிகிரியில் மூன்று மாசம் சூடு காட்டுகிறார்கள். நம் அக்னி நட்சத்திரத்துக்குக் கொஞ்சம் மேலே. உயர்ந்த ரகத்தைப் பரணில் வருஷக்கணக்கில் போட்டு வைக்கிறார்கள். ஏற்கெனவே வெந்துவிட்டதால் பாட்டிலைத் திறந்து மாசக்கணக்கில் வைத்தாலும் கெடுவதில்லை. பேச்சலர் ரூம்களுக்கு இதைவிட உத்தமமான சரக்கு ஏது?

இதையெல்லாம் நான் ருசி பார்த்தது மக்காவில். காயல்பட்டினத்து நண்பனின் அண்ணன், நான் காக்கா என்று கூப்பிடுகிறவர், ஹாங்காங்கில் கல் வியாபாரம். மக்காவ் 1999 வரை போர்த்துகீசியர் கையில் இருந்த ஊர். கடைகளில் அவர்கள் பாட்டில்கள் நம்ம ஊர் நல்லெண்ணெய் மாதிரி அடுக்கியிருக்கும். காக்கா வாழ்நாளில் ஒரு சொட்டுத் தொட்டதில்லை. வழி காட்டக் கூட வந்தார். அடுத்த மேஜையில் ஆரஞ்சு ஜூஸோடு உட்கார்ந்து, தூர இருந்தே என் கிளாஸ்களை மதிப்பீடு செய்தார்.

"ரூபி போர்ட் காக்கா இது."

"மாணிக்கம் இப்படி இருக்காது தம்பி. இது கார்னெட். ஏமாத்திப் பேர் வச்சிருக்கான்."

மெதீராவைப் பார்த்து "நல்ல கோமேதகம்" என்றார். அடுத்து வந்தது ஸ்பெயின் நாட்டு பெட்ரோ ஹிமெனெத். மோன்டில்லா பக்கம் திராட்சையை வெயிலில் பாய் விரித்துக் கருவாடு மாதிரி காயவைத்துப் பிழிவார்கள். அட்டைக் கறுப்பு, கூழ் மாதிரி ஒழுகும். "உடன்குடிக் கருப்பட்டிப் பாகு. இதுக்கா இவ்வளவு காசு?" என்றார். குடித்துப் பார்த்தேன். காக்கா சொன்னதில் தப்பில்லை, ஐஸ்கிரீம் மேல் ஊற்றிச் சாப்பிட வேண்டிய வஸ்து.

கடைசியில் செதூபல் மஸ்கட்டெல். மல்லிகையும் ஆரஞ்சுத் தோலும் கலந்த வாசனை. நாலில் எனக்குப் பிடித்தது இதுதான். பழைய நாளில் கப்பலில் வெளிநாட்டுக்கு அனுப்புவார்கள், விற்காமல் திரும்பி வந்த பீப்பாய்க்குத்தான் விலை அதிகம். அதற்கு 'திரும்பிய பயணம்' என்றே பெயர். சேல்ஸ் ரிட்டர்ன் வந்து லாபம் காட்டிய ஒரே வியாபாரம் எனக்குத் தெரிந்து இதுதான். இந்த நூற்றாண்டில்கூட போர்த்துகீசியக் கடற்படையின் 'சாக்ரெஸ்' பாய்மரக் கப்பலில் பீப்பாய்களை ஏற்றி அனுப்பி, கரையில் வைத்ததோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள்.

இதை காக்காவிடம் சொன்னேன். பில் வந்தது. ஒயினுக்கு நான், ஜூஸுக்கு அவர் என்று கறாராகப் பிரித்துக் கொடுத்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசவில்லை. கடையை மூடிவிட்டு அடுத்த மாசம் ஊருக்கு வருகிறார் என்று நண்பன் ஏற்கெனவே சொல்லியிருந்தான்.

"முப்பது வருஷம் தம்பி. என்னை ஊர்ல என்ன வெலைக்கு எடுப்பாங்கங்கிறே?"