வீட்டுக் கடல்நீர்த் தொட்டியும் பவளப்பாறையும்

சென்னைக் கடற்கரையில் 1909-ஆம் ஆண்டு கடல் மீன் காட்சிசாலை திறக்கப்பெற்றபொழுது, உயிருள்ள கடல் மீன்களைக் கண்ணாடிக்குள் காண்பது அரியதொரு காட்சியாயிருந்தது. இக்காலத்தில் அக்காட்சியைத் தம் இல்லத்திலேயே அமைத்துக்கொள்ள விரும்புவோர் பலர். அவ்விருப்பம் குற்றமுடையதன்று. ஆயின், பவளம் வைத்த தொட்டியே சிறந்த தொட்டி என்னும் எண்ணம் இந்நாட்டிற்குப் பொருந்துவதன்று. தொட்டியின் சிறப்பு அதன் நீரின் தூய்மையிலும் வளர்ப்பவரின் பொறுமையிலும் உள்ளதேயன்றி, கடலிலிருந்து பெயர்த்தெடுத்த பொருளில் இல்லை.

முதலாவதாகக் கவனித்தற்குரியது நீர். பாறை மீன்கள் வாழும் கடல்நீரில் ஆயிரம் பங்கிற்கு ஏறக்குறைய 35 பங்கு உப்புண்டு. அதன் ஒப்படர்த்தி 1.025 அளவினது. கடைக் கல்லுப்பை நன்னீரிற் கரைத்தால் கடல்நீராகிவிடும் என்று கருதுவது பெரும் பிழை. உப்பளத்தில் சோற்றுப்பு முதலில் படிகமாக, மக்னீசிய உப்புகள் பெரும்பாலும் எஞ்சிய கைப்பு நீரிலேயே நின்றுவிடுகின்றன. ஆகவே கல்லுப்பில் கடலின் ஒரு பகுதியே உளது. தூய இடத்தில் எடுத்து வடிகட்டிய கடல்நீரையேனும், இதற்கென்றே எல்லா உப்புகளையும் கலந்து செய்த கலவையையேனும் பயன்படுத்தல் வேண்டும். அந்நீரைச் செம்பு, பித்தளைக் குடங்களில் எடுத்தலும் கூடாது. செம்பு சிறிதளவு கரைந்தாலும் இறாலும் நத்தையும் மடிந்துபோம்.

இரண்டாவது, மீன் விடுவதற்கு முன் காத்திருத்தல். வயலில் இட்ட எருவின் அமோனியாவை மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் நைட்ரேட்டாக மாற்றுதலை உழவர் அறிவர். தொட்டியிலும் அதே செயலே நடைபெறுகின்றது. மீனின் கழிவிலிருந்து வரும் அமோனியா கொடிய நஞ்சு. ஒருவகை நுண்ணுயிர் அதனை நைட்ரைட்டாகவும், மற்றொரு வகை நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. இவை மணலிலும் துளைகள் நிறைந்த கல்லிலும் பெருகி நிலைபெறுவதற்குப் பெரும்பாலும் நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். அமோனியாவும் நைட்ரைட்டும் சோதனையில் அற்றுப்போகுமுன் மீன்களை விடுதல், பண்படாத நிலத்தில் நாற்று நடுதலை ஒக்கும்.

பின்னர் வேண்டுவது நாள்தோறும் சிறிது கவனம். நீர் ஆவியாகும்பொழுது உப்பு ஆவியாவதில்லை. ஆதலால் குறைந்த அளவிற்கு நன்னீரையே ஊற்றுதல் வேண்டும். கடல்நீரையே மேன்மேலும் ஊற்றினால், வடிகாலற்ற நிலம் உவராவது போலத் தொட்டியும் கெடும். இரு வாரத்திற்கொருமுறை பத்தில் ஒரு பங்கு நீரை மாற்றுவதும், உஷ்ணநிலையை 25 முதல் 28 டிகிரிக்குள் வைப்பதும், இரையை அளவோடு இடுவதும் போதுமானவை. சிறு தொட்டியில் நீரின் தன்மை விரைந்து மாறும். புதிதாகத் தொடங்குவோர்க்கு 200 லிட்டருக்குக் குறையாத தொட்டியே ஏற்றது.

இனி, பவளத்தின் வழக்கு. இராமேஸ்வரம் முதல் தூத்துக்குடி வரையில் மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சூழ்ந்துள்ள பவளப்பாறைகள் எண்ணிறந்த மீன்களுக்கு உறைவிடம். சுண்ணாம்புக்கும் கட்டிடங்களுக்குமாக அப்பாறைகள் நெடுங்காலம் வெட்டப்பட்டன. அத்தீவுகளில் பூவரசன்பட்டி, விலாங்குசல்லி என்னும் இரண்டும் நீரில் மூழ்கிவிட்டன. 1986-இல் அப்பகுதி கடல்சார் தேசியப் பூங்காவாயிற்று. 2001-இல் பாறை கட்டும் பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. அவற்றை எடுத்தலும் விற்றலும் குற்றங்களாம். 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் கடலின் வெப்பம் மிகுந்து அப்பாறைகள் வெளுத்ததையும் இங்கு நினைவுகூர்தல் தகும்.

ஒரு வீட்டிற்கு ஒரு துண்டு எடுப்பதால் கடலுக்கு என்ன குறை என்று சிலர் வினவுவர். பவளவகைகளுட் சில, ஆண்டிற்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டரே வளர்வன. ஒரு நொடியில் உடைத்த துண்டு மீண்டும் உண்டாவதற்குப் பல ஆண்டுகள் வேண்டும். பிற நாடுகளில் தொட்டியிலேயே வளர்த்த பவளம் விற்கப்படுகின்றதே என்பர் வேறு சிலர். அவ்வழக்கம் இக்கரையில் உடைத்தெடுத்த பவளத்திற்கு நியாயமாகாது. மேலும், பாறை அழிந்தால் முதலில் இழப்பவன் அதனருகே வலை வீசும் ஏழைப் பரதவனேயன்றித் தொட்டி வைத்தவன் அல்லன்.

பவளமின்றியும் தொட்டி அழகுறும். துளைகளுள்ள சுண்ணாம்புக்கல்லும், மெருகிடாத சுட்டமண் ஓடும் நுண்ணுயிர்க்கு நல்ல இடமாகும். கோமாளி மீனுக்குக் கடற்சாமந்தி இன்றியமையாததன்று, மண்ணோட்டிலேயே முட்டையிடும். ஆண்மீன் காவல் செய்ய, ஏறக்குறைய ஒரு வாரத்தில் முட்டைகள் பொரிக்கும். 1947-இல் நிறுவப்பெற்ற மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் மண்டபத்திலும் விழிஞ்ஞத்திலும் இம்மீன்களைப் பொரிப்பகத்தில் இனம்பெருக்கியுள்ளது. அக்குஞ்சுகளை மண்டபத்தைச் சூழ்ந்த கடலோரப் பெண்கள் வாங்கி வளர்த்து விற்கும் முயற்சியும் நடந்துள்ளது. கடலில் பிடித்த மீனைவிட அவை தொட்டி வாழ்க்கைக்கும் கையில் இடும் இரைக்கும் பழகியவை, எளிதில் மாள்வதில்லை.

ஆதலின், வாங்குவோர் விலையை வினவுமுன் மீன் பிறந்த இடத்தை வினவுவாராக. விற்போர் அதனை எழுதிக்கொடுத்தல் முறை. பொரிப்பக மீனுக்கு நிலையான வாங்குவோர் உண்டாயின், பாறையை உடைக்காமலே கடலோரக் குடும்பங்கள் பிழைக்க ஒரு வழி பிறக்கும். வளர்ப்பவர் விருப்பமும் பாறையின் நலமும் ஒருங்கே நிறைவேறுவதற்கு இதுவே ஏற்ற வழியாம்.