செப்பேடு சொல்லாத செய்தி

"உலகம் யூதர்களை விரட்டியது, நாம் வாழவைத்தோம்!" இந்திய-இஸ்ரேல் உறவைப் பற்றி எந்த மேடை எழும்பினாலும் இம்முழக்கம் எழும்புகிறது. 1992இல் இரு நாடுகளும் முழுத் தூதரக உறவு கொண்டன. 2017இல் இஸ்ரேல் சென்ற பிரதமர் மோடி, கேரளச் செப்பேடுகளின் படிகளை நெதன்யாகுவிடம் பரிசளித்தார்.

விரட்டவில்லை என்பது மெய்தான், மறுப்பாரில்லை. ஆனால் தோழர்களே, கொச்சி யூதர்களின் செப்பேட்டில் இருப்பது என்ன? வட்டெழுத்தில் பொறித்த அந்த ஏட்டிலே, சேரமன்னன் பாஸ்கர ரவிவர்மன், ஜோசப் ரப்பான் என்னும் யூதத் தலைவனுக்குக் குடையும் பல்லக்கும் பகல்விளக்கும் உள்ளிட்ட 72 உரிமைகளை வழங்குகிறான். குடை பிடிக்க ஒருவனுக்குச் செம்பிலே எழுதித் தரவேண்டியிருந்தது என்றால், குடை பிடிக்கக்கூடாதவர்கள் எத்தனை பேர் அந்த மழைநாட்டில் நனைந்துகொண்டிருந்தனர்! வந்தவருக்கு வாசல் மட்டுமா திறந்தோம்? வருண ஏணியில் ஒரு படியையும் காட்டினோம்.

பாடம் வீண்போகவில்லை. பின்னாளில் கடல் கடந்து வந்த 'வெள்ளை யூதர்', தமக்கு முன்பே வாழ்ந்த மலபார் யூதரைக் 'கருப்பர்' என்றனர். பெண் கொடுப்பதில்லை, எடுப்பதுமில்லை. 1568இல் மட்டாஞ்சேரியில் எழுந்த பரதேசி தொழுகைக்கூடத்தில், விடுதலை பெற்ற அடிமைகளின் வழிவந்தோர் முன்னறையோடு நிறுத்தப்பட்டனர். ஒரே மறை, ஒரே ஆண்டவன். உட்காரும் இடம் மட்டும் வேறு!

அவ்வழியில் வந்தவரே வழக்கறிஞர் ஆபிரகாம் பராக் சேலம் (1882-1967). வகுப்பில் இப்பெயரைச் சொன்னால் மாணவர்கள் மாம்பழத்தை நினைக்கிறார்கள். அவர்கள் மேல் என்ன குற்றம்? எந்தப் பாடநூல் சொல்லிற்று அவரைப் பற்றி? சொந்தத் தொழுகைக்கூடத்திலேயே அறப்போர் நடத்தி, 'யூத காந்தி' எனப் பெயர் பெற்றவர் அவர்.

கொங்கணக் கரையில் செக்காட்டிய பெனே இஸ்ரேலியர் கதையும் இதுவே. சனிக்கிழமை செக்கை நிறுத்தியதால் 'சனிவார் தேலி' எனப் பெயர் பெற்ற அவர்களுக்குள்ளும் 'கோரா', 'காலா' என்று பிளவு! இஸ்ரேலில் குடியேறிய பின்னும் விட்டதா? திருமணம் என்றால் முன்னோர் மரபை ஆராய்க என்று 1960களின் தொடக்கத்தில் அங்குள்ள தலைமைக் குருபீடம் ஆணையிட்டது. அவர்கள் தெருவில் இறங்கிப் போராடினர். 1964இல் ஆணை பணிந்தது. மட்டாஞ்சேரியில் கேட்ட அதே கேள்வி, எருசலேமிலும்: "நீ தூயவனா?"

அடுத்தமுறை பரிசு சுமந்து செல்வோர், செப்பேட்டுப் படியோடு அந்த முன்னறையின் படத்தையும் எடுத்துச் செல்வார்களா?