உண்டிச்சாலைத் தொழிலாளரும் சங்கமும்

ஆம்பூர் வழியே செல்வோர் பிரியாணி உண்ணாது போதல் அரிது. தோலும் பிரியாணியுமே அவ்வூர்க்குப் பெயர் தந்தன. தோல் பதனிடுதலாற் பாலாறு கெட்டதை 1996இல் உச்ச நீதிமன்றமே ஆராய்ந்தது. தோற்றொழிலாளரைப் பற்றி ஏடுகளும் எழுதுகின்றன. ஆனால், எம் முன் நின்று சோறு பரிமாறுவோரை யாம் நினைப்பதுண்டோ? நாள் முழுதும் நிற்பவர் அவர். கடைகளிலும் உண்டிச்சாலைகளிலும் பணிபுரிவோர் அமர்தற்கு இருக்கை வேண்டும் என்பதற்கே 2021இல் தமிழ்நாட்டுச் சட்டமன்றம் ஒரு திருத்தம் இயற்ற வேண்டியதாயிற்று!

உண்டிச்சாலைப் பணியாளர் ஒன்றுகூட மாட்டார் என்பர் சிலர். இன்று ஆம்பூர், நாளை சென்னை என அலைபவர்; பலர்க்கு உணவும் படுக்கையும் முதலாளி தருவன. அவர் கூரையின்கீழ்த் துயில்பவன் அவரிடமே உரிமை பேசுதல் எங்ஙனம்? இக்கூற்றில் உண்மை உண்டு, யாம் மறுக்கிலேம். எனினும், காப்பிச் சாலைப் பணியாளர் வரலாறு வேறு கூறுகின்றது.

காப்பி வாரியம் நடத்திவந்த இந்தியக் காப்பிச் சாலைகள் 1950களின் இடைப்பகுதியில் மூடப்படலாயின. பரிமாறுவோரும் சமைப்போரும் வேலையிழந்தனர். ஆயின், அவர்க்கு முன்னரே ஒரு தொழிற்சங்கம் இருந்தது. மூடுங் கடைகளை நீங்களே ஏற்று நடத்துங்கள் என்றார் பொதுவுடைமைத் தலைவர் ஏ. கே. கோபாலன். 1957 ஆகஸ்டு 19இல் பெங்களூரில் முதற் கூட்டுறவுச் சங்கம் தோன்றிற்று. அக்டோபர் 27இல் தில்லியில் அவர்தம் காப்பிச் சாலை திறந்தது. மறுவாண்டு, தொழிற்சங்கத்தைச் சார்ந்த என். எஸ். பரமேசுவரன் பிள்ளையின் முயற்சியாற் திருச்சூரிலும் ஒன்று எழுந்தது. நேற்று எச்சிற்கோப்பை எடுத்தவர் கடைக்கு உடையவராயினர்.

கூட்டுறவைப் பலர் புகழ்வர். எம் கருத்தோ, சங்கம் முன்னரே இருந்ததுதான் பெரிது என்பது. அஃது இல்லையேல் அவரவர் கணக்குத் தீர்த்துக்கொண்டு ஊர் திரும்பியிருப்பர். கோபாலனும் யாரிடம் பேசியிருப்பார்?

1918இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியபோது ஆலைத் தொழிலாளரின் முறையீடுகளுள் ஒன்று, நண்பகலில் உண்ணப் போதிய நேரம் இன்மை. ஊரார்க்கெல்லாம் உணவிட்டு, கூட்டம் குறைந்த பின்னரே தம் தட்டை எடுப்பவர்க்கு அம்முறையீடு இன்னும் பொருந்தும் அன்றோ? மாணவ நண்பர்காள், ஆம்பூர் வரை செல்லுதல் வேண்டா. எம் விடுதிச் சமையற்கூடத்தாரிடமே முதலிற் கேட்போம்: உமக்கு வார விடுமுறை எந்நாள்?