நாய்க்கும் ஒரு கடதாசி

"ஒரு நாய்க்காகவா இவ்வளவு ஆத்திரம்?" என்று நண்பர் ஒருவர் கேட்டார். ஆம், நாய்க்காகத்தான். ஆனால் நாயோடு நின்றுவிடும் விடயம் இதுவன்று.

சென்ற ஆண்டு ஹல்துமுல்லையிலுள்ள என் தமக்கையின் மகளுக்கு இங்கிலாந்தில் தாதி வேலை கிடைத்தது. ஏழு ஆண்டுகளாக வளர்த்த நாயையும் கொண்டுசெல்ல விரும்பி விசாரித்தாள். ஊசி போட்ட அட்டை இருந்தாற் போதும் என்றார் ஓர் அலுவலர். மைக்ரோசிப்பைப் புறப்படும் வாரத்தில் பொருத்திக்கொள்ளலாம் என்றார் பயண முகவர். எப்படியும் அங்கே ஆறு மாதம் அடைத்து வைப்பார்கள் என்றார் மூன்றாமவர். மூவரும் உறுதியாகச் சொன்னார்கள். மூவர் சொன்னதும் பிழை.

விதியில் மயக்கம் எதுவுமில்லை. விசர்நாய்க்கடி நோய் தொடர்பில் பிரித்தானியா சலுகை காட்டும் நாடுகளின் பட்டியலில் இலங்கை இல்லை. ஆகவே முதலில் மைக்ரோசிப். அதன் பின்னரே தடுப்பூசி. ஊசி போட்டு 30 நாளாவது கழிந்தபின் இரத்தம் எடுத்து அங்கீகரிக்கப்பட்ட ஆய்வுகூடத்துக்கு அனுப்ப வேண்டும். இரத்தம் எடுத்த நாளிலிருந்து மூன்று மாதம் காத்திருக்க வேண்டும். அங்கு சேர்வதற்கு 24 முதல் 120 மணித்தியாலத்துக்கு முன் நாடாப்புழு மருந்து கொடுத்திருக்க வேண்டும். இங்கிருந்து வெளியேற, கால்நடை உற்பத்தி, சுகாதாரத் திணைக்களத்தின் சான்றிதழ் வேண்டும். கட்டாய ஆறுமாத அடைப்பு 2012 ஆம் ஆண்டோடு முடிந்த கதை.

சிப்புக்கு முன் போட்ட ஊசி கணக்கில் வராது. ஆண்டுதோறும் தவறாமல் போட்ட ஊசிகள் அத்தனையும் வீணாயின. அவள் பணியில் சேர எஞ்சியிருந்ததோ ஏழு வாரம். "பிறகு அனுப்பிவிடுங்கள்" என்று ஆறுதல் சொன்னார்கள். அதுவும் பிழை. உரிமையாளரின் பயணத்துக்கும் நாயின் பயணத்துக்கும் ஐந்து நாளுக்கு மேல் இடைவெளி இருந்தால், அதற்கு வணிக இறக்குமதியின் விதிகளே பொருந்தும்.

விதியை நான் குறைகூறவில்லை. அறிகுறி தோன்றிய பின் அந்நோயிலிருந்து மனிதர் பிழைப்பது மிக அரிது. நாய்களிடையே அதை ஒழித்த ஒரு நாடு வாசலில் காவல் வைப்பது நியாயமே. என் கோபமெல்லாம், "தெரியாது, கேட்டுச் சொல்கிறேன்" என்று சொல்லக் கூசும் வாய்கள் மீதுதான்.

மலையகத்தவருக்குக் கடதாசி விளையாட்டுப் பொருளன்று. 1948 இன் குடியுரிமைச் சட்டம் தந்தையின் பிறப்புக்குச் சான்று கேட்டது; காட்ட இயலாதோர் நாடற்றவராயினர். 1964 இன் ஸ்ரீமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவின் கணக்கில் எழுதியது. அவ்வாறு புறப்பட்டவர்களின் ரயிலோடு ஓடிய நாய்களை, ஹப்புத்தளை நிலையத்தில் சிறுவனாக நான் பார்த்திருக்கிறேன். அன்று மனிதருக்கே கடதாசி கைகூடவில்லை. நாயைப் பற்றி யார் கேட்பது? இன்று கேட்கும் நிலைக்கு வந்திருக்கிறோம். சரியான விடையைப் பெறும் உரிமை நமக்கு உண்டு.

ஹல்துமுல்லை, இருமொழி நிர்வாகத்துக்கென வர்த்தமானியில் அறிவிக்கப்பட்ட பிரதேச செயலகப் பிரிவு. நான் கேட்பது ஒரேயொரு தாள். எதை முதலில் செய்வது, எத்தனை நாள் பொறுப்பது, எங்கே சான்றிதழ் பெறுவது என்பவற்றைத் தமிழிலும் சிங்களத்திலும் அச்சிட்டு, ஒவ்வொரு கால்நடை வைத்திய அலுவலகச் சுவரிலும் ஒட்டுங்கள். இதற்கு அமைச்சரவைப் பத்திரம் வேண்டியதில்லை, பசை போதும்.

நாய்க்கு இப்போது சிப்பும் ஊசியும் ஒழுங்காக முடிந்துவிட்டன. இரத்தப் பரிசோதனையும் தேறிவிட்டது. அவள் விடுமுறையில் வந்துதான் அழைத்துப் போக வேண்டும். அதுவரை, அந்தியில் பஸ் நிற்கும் ஒவ்வொரு முறையும் அது எழுந்து வாசலுக்கு ஓடுகிறது.