கப்பில் யார் பெயர்?

பாறசாலையிலிருந்து கடல் பக்கம் இறங்கினால் பொழியூர். நெய்யாற்றின்கரை தாலுகா, கேரளம். ஒட்டினாற்போல் நீரோடி, நம்ம குமரி மாவட்டம். 1956 நவம்பர் 1-இல் போட்ட எல்லை, மணலில் பந்து உதைக்கிற பையன்களுக்குத் தெரியாது.

பொழியூர் சீசன் 2018-இல் சந்தோஷ் டிராபி வென்ற கேரள அணியில் ஆடினார். இந்தப் பக்கம் இரயுமன்துறை மைக்கேல் சூசைராஜ் இந்திய அணி வரைக்கும் போனார். மற்றவர்கள்? அப்பாவோடு வள்ளத்தில்தான்.

ஒரு காலத்தில் பந்து தெரிந்தால் பேங்க் வேலை கிடைக்கும். திருவனந்தபுரத்தில் ஸ்டேட் பேங்க் ஆஃப் திருவிதாங்கூருக்கு நல்ல டீம் இருந்தது (அந்த பேங்கே 2017-இல் எஸ்பிஐயோடு கலந்துவிட்டது). இந்திய கேப்டன் வி.பி. சத்யன் சென்னையில் இந்தியன் பேங்க்காரர்தான். இன்றைக்கு அந்த வாசல் ரொம்பக் குறுகல். திறந்தாலும் சர்டிபிகேட் கேட்பார்கள். பிளஸ் டூவில் நின்ற பையன் எதைக் காட்டுவான்?

இங்கே துபாயில் உட்கார்ந்து நாம் வருஷாவருஷம் ஊர் டோர்னமெண்டுக்கு அனுப்புவது கப்பு, மைக்செட், பரிசுப் பணம். அதில் பாதியை நாலு பையன்களின் காலேஜ் பீசுக்குக் கொடுக்கலாமே என்று போன கூட்டத்தில் சொன்னேன்.

"அப்போ கப்புல யாரு பேரு சார் போடுறது?" என்றார் ஒரு அண்ணாச்சி.