நாக்கின் நினைவும் நகரின் மறதியும்

அண்மைக் காலத்தில் ஒரு வகைக் கட்டுரை பெருகி வருவதை நண்பர்கள் கவனித்திருக்கக்கூடும். 'எங்கள் ஊரின் பழைய கடைகள்' என்பதுபோல் ஒரு தலைப்பு இருக்கும். முதற்பத்தியில் பித்தளை டபராவில் நுரை கட்டிய காப்பி. அடுத்ததில் மந்தார இலையில் மடித்த அல்வா. அதற்கும் அடுத்ததில், கல்லாவில் திருநீற்றோடு அமர்ந்து நம்மைப் பெயர் சொல்லி அழைத்த முதலாளி. முடிவில், 'காலம் எல்லாவற்றையும் விழுங்கிவிட்டது' என்றொரு பெருமூச்சு. இத்தகைய கட்டுரைகளை நாம் விரும்பிப் படித்திருக்கிறோம், ஒன்றிரண்டு எழுதியுமிருக்கிறோம். எனவே இங்கே சொல்லப்போகும் குற்றத்தில் நமக்கும் பங்குண்டு.

நமது சண்டை அந்தக் கடைசிப் பெருமூச்சோடுதான். காலம் எந்தக் கடையையும் விழுங்குவதில்லை. கடையை மூடுவது ஓர் ஆணை, ஓர் அளவுக்கல், வராமற்போன ஒரு மாதச் சம்பளம். இவற்றுக்கெல்லாம் தேதி உண்டு, கையெழுத்தும் உண்டு. 'காலம்' என்று எழுதும்போது அந்தக் கையெழுத்தை நாமே அழித்துத் தருகிறோம்.

1962இல் தொடங்கிய உட்லண்ட்ஸ் டிரைவ்-இன் 2008இல் மூடப்பட்டபோது நாளிதழ்கள் இரங்கற்பா பாடின. அந்த இடத்தில் 2010இல் செம்மொழிப் பூங்கா வந்தது. அழுதவர்களை நாம் பழிக்கவில்லை. நாமும் அங்கே காப்பி குடித்தவர்கள்தாம். ஆனால் அதே நகரின் வடக்கே, இராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை, சாலை அகன்றபோதும் மெட்ரோவின் தூண்கள் எழுந்தபோதும் பெயர்ந்த தேநீர்க்கடைகளுக்கு யார் இரங்கல் எழுதினார்? திருவொற்றியூர் 2011வரை தனி நகராட்சி. ஒரு சிற்றூர் இழக்கக்கூடிய அனைத்தையும் அது இழந்தது. இழந்தது என்று ஒரு வரி எழுத ஆளில்லை.

காரணம் வெள்ளிடைமலை. நமது நினைவு எழுத்துக்குக் காப்பி தெரியும், தேநீர் தெரியாது. ஆ. இரா. வேங்கடாசலபதி 'அந்தக் காலத்தில் காப்பி இல்லை' கட்டுரையில், காப்பி எவ்வாறு நடுத்தர வகுப்பின் அடையாளமாயிற்று, தேநீர் எவ்வாறு உழைப்பாளியின் பானமாக ஒதுங்கியது என்று காட்டியிருக்கிறார். அந்தப் பந்திப் பிரிவு இன்றும் நம் வாக்கியங்களில் நீடிக்கிறது. ரயில் நிலைய உணவகங்களில் சாதிவாரிப் பிரிப்பு 1941இல்தான் நீங்கியது. 1957இல் திருவல்லிக்கேணி முரளி கபேயின் பெயர்ப்பலகையிலிருந்த 'பிராமணாள்' என்னும் ஒரு சொல்லுக்காகப் பெரியார் இயக்கத்தார் நாள்தோறும் மறியல் செய்து சிறை சென்றனர். பழைய ஓட்டலின் சாம்பாரைப் பாடுவோர் அந்தப் பலகையை மட்டும் மறந்துவிடுகின்றனர். வடசென்னையின் மாட்டிறைச்சிக் கடையும் சாராயக்கடைச் சுண்டலும் எந்த நினைவுக்குறிப்பிலும் இடம் பெறாததும் இதனாலேயே.

இளங்கோவுக்கு இந்த வெட்கம் இருந்ததில்லை. புகாரின் மருவூர்ப்பாக்கத்தைச் சொல்லும்போது அப்பம் சுடும் கூவியரையும், கள் விற்கும் பெண்களையும், மீன் விற்கும் பரதவரையும், உப்பு விற்போரையும் ஒரே மூச்சில் வரிசைப்படுத்துகிறார். துறைமுகப் பட்டினம் என்றால் அதுதான் அதன் அங்காடி. இதை ஆண்டுதோறும் வகுப்பில் நடத்திவிட்டு, வாயிலுக்கு வெளியே இருக்கும் மருவூர்ப்பாக்கத்தைப் பாராமல் பேருந்து ஏறுகிறவர்கள் நாம்.

வடக்கே கடை என்பது நாக்கின் விவகாரம் மட்டுமன்று. 1946இல் திருவொற்றியூரில் ஒரு கொட்டகையில் பலூன் செய்யத் தொடங்கியதுதான் இன்றைய எம்ஆர்எஃப். 1948இல் எண்ணூரில் அசோக் மோட்டார்ஸ், 1955இல் திருவொற்றியூரில் என்ஃபீல்டு என ஆலைகள் வரிசையாக வந்தன. ஆலைச் சங்கின் நேரந்தான் கடையின் நேரம். முதல் ஷிப்டுக்கு முன் இட்லி, இரண்டாம் ஷிப்டு முடிந்தபின் புரோட்டா. விலைப்பட்டியலைவிடப் பற்று நோட்டு முக்கியம். சம்பளம் தள்ளிப்போனால் ஆலை பட்டினி போடும், கடை போடாது. கதவடைப்பு நாள்களில் தொழிலாளியைத் தாங்கிய இரகசியக் கருவூலம் அந்த நோட்டுதான். 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் 250 பேருக்கு மேற்பட்ட ஆலைகளில் கேண்டீனைக் கட்டாயமாக்கியிருந்தது உண்மை. ஆனால் எந்த கேண்டீனில் உரக்கப் பேச முடியும்? பேச்சுக்குத் தெருக்கடை வேண்டும். பெரம்பூரில் ஆலைக்கருகே கடை வைத்திருந்த செல்வபதி செட்டியாரிடம் பி அண்டு சி தொழிலாளர்கள் தம் குறைகளைச் சொல்லி வந்ததன் தொடர்ச்சியாகவே 1918 ஏப்ரலில் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. இந்தியத் தொழிற்சங்க வரலாற்றின் முதல் பக்கத்தில் ஒரு கடை இருக்கிறது. நம் கடை நினைவுகளில் சங்கம் இருக்கிறதா?

இனி, கடைகள் ஏன் போயின என்று பார்ப்போம். துறைமுகப் பணி 1875இல் தொடங்கியது. சுவர்கள் கடலுக்குள் நீண்டபின் தெற்கிலிருந்து வடக்கே நகரும் மணல் தடைபட்டது. தெற்கே மெரினா அகன்றது. வடக்கே கரை கரைந்தது. தென்னவர் சுண்டல் தின்னும் மணலில் ஒரு பங்கு வடக்கே வந்து சேர வேண்டிய மணல் என்றால் அது மிகையாகாது. பிறகு கல் கொட்டினார்கள், தூண்டில் வளைவு போட்டார்கள். கரையோரக் கடைகள் அதற்குள் இரண்டு மூன்று முறை பின்வாங்கியிருந்தன. 2017 ஜனவரியில் இரு கப்பல்கள் மோதி எண்ணெய் கசிந்தது. 2023 டிசம்பர் வெள்ளத்தில் எண்ணூர்க் கழிமுகத்தில் மீண்டும் எண்ணெய் பரவியது. மீன் வாங்க ஆளில்லாத நாளில் மீன் வறுக்கும் அடுப்பு எப்படி எரியும்? 1970இலிருந்து இயங்கிய எண்ணூர் அனல்மின் நிலையம் 2017இல் மூடப்பட்டது. ஊழியரை வேறிடத்துக்கு மாற்ற விதி உண்டு. வாயிலில் தேநீர் ஆற்றியவர் எந்த விதியில் வருவார்?

சில ஆண்டுகளுக்கு முன் மாணவர்களிடம் தத்தம் தெருவின் பழைய கடையொன்றைப் பற்றி எழுதி வரச் சொன்னோம். எண்ணூர்ப் பக்கத்திலிருந்து வரும் மாணவி ஒருத்தி வெறுங்கையோடு வந்தாள். "எங்க ஆயா இட்லி வித்தாங்க சார். ஆனா அது கடை இல்ல, போர்டெல்லாம் கிடையாது" என்றாள். ஆயாவைப் பார்க்கப் போனோம். "அது இன்னா கட நைனா, வாசல்ல அடுப்பு வெச்சி இட்லி சுட்டு வித்தேன்" என்று அவரும் கைவிரித்தார். முப்பது ஆண்டுகள் விற்றிருக்கிறார். எழுதத் தெரியாததால் பற்றுக் கணக்கு முழுவதும் வீட்டுச் சுவரில் கரிக்கோடுகளாக இருந்திருக்கிறது. ஆளுக்கொரு வரிசை, தட்டுக்கொரு கோடு. சாலைப் பணிக்காக வீட்டின் முன்பகுதி இடிபட்டபோது சுவர் போயிற்று. இழப்பீடு வீட்டுக்காரருக்குக் கிடைத்தது, முறைப்படி. வாடகைக்கு இருந்தவர் வாசலில் கடை இருந்தது என்பதற்கு ஒரு தாளும் இல்லை.

அன்றுதான் நமக்கு உறைத்தது: நினைவுக்குறிப்பு என்று நாம் பொழுதுபோக்காக எழுதுவது இவர்களுக்குச் சான்றாவணம். 2013ஆம் ஆண்டு நிலம் கையகப்படுத்தல் சட்டம், நிலம் இல்லாவிடினும் அவ்விடத்தில் மூன்றாண்டுகள் வாடகைக்கிருந்தோ உழைத்தோ பிழைத்த குடும்பத்தையும் 'பாதிக்கப்பட்ட குடும்பம்' என்று ஏற்கிறது. (தமிழ்நாடு தன் நெடுஞ்சாலைச் சட்டத்துக்கு அதிலிருந்து விலக்குப் பெற்றுக்கொண்டது வேறு கதை.) 2014ஆம் ஆண்டுத் தெரு வியாபாரிகள் சட்டமோ இன்னும் ஒருபடி மேலே போகிறது: ஐம்பதாண்டுகளுக்கு மேல் தெரு வணிகம் நடந்துவரும் இயல்புச் சந்தைகளைப் பாரம்பரியச் சந்தை என அறிவிக்க வேண்டும், அங்குள்ளோரை இடம் மாற்றலாகாது என்கிறது அதன் அட்டவணை.

பர்மாவில் 1962இல் இராணுவ ஆட்சி வந்து, கடைகள் நாட்டுடைமையாகி, வெறுங்கையோடு கப்பலேறிய தமிழர்கள் கடற்கரை நிலையத்தெதிரே 1969இல் பர்மா பஜாரை அமைத்தனர். அதையடுத்த தெருக்களிலும், அவர்கள் குடியேறிய வியாசர்பாடி, எண்ணூர்ப் பகுதிகளிலும் அத்தோ வண்டிகள் வந்தன. முட்டைகோசும் வறுத்த வெங்காயமும் புளித்தண்ணீரும் சேர்த்துக் கையாலேயே பிசைந்து தரும் நூடுல்ஸ், உடன் வாழைத்தண்டு போட்ட மொய்ங்கா. இன்று படக்கருவியோடு வருவோர் 'வேற லெவல்' என்று சொல்லி இரண்டு நிமிடத்தில் கிளம்பிவிடுகிறார்கள். இந்த வண்டி எந்த ஆண்டு முதல் இங்கே நிற்கிறது, இதற்கு முன் எங்கே நின்றது, யார் நகர்த்தினார் என்று கேட்க இன்னும் இரண்டு நிமிடம் ஆகும். சட்டம் கேட்கும் ஐம்பதாண்டுக்குச் சாட்சி சொல்லக்கூடிய முதியவர்கள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள்.

எனவே கடைகளைப் பற்றி எழுதும் நண்பர்களிடம் நம் வேண்டுகோள் இது. சுவையை எழுதுங்கள், தடையில்லை. கூடவே கதவிலக்கத்தை எழுதுங்கள். எந்த ஆலையின் எந்த ஷிப்டு அங்கே சாப்பிட்டது, வாடகை யாருக்குப் போயிற்று, யாரை உள்ளே விடவில்லை, பாத்திரம் கழுவியவர் யார், அளவுக்கல் எந்த ஆண்டு நடப்பட்டது என்பதையும் எழுதுங்கள். பலகை இல்லாத கடையிலிருந்து தொடங்குங்கள். இதெல்லாம் இலக்கியமாகாது என்போர் மருவூர்ப்பாக்கத்தை மறுபடி ஒருமுறை படிக்கட்டும்.

மாணவியின் கட்டுரை பிறகு வந்தது, பதினாறு பக்கங்கள். அதில் பாதி, சுவர் போனபின்னும் ஆயாவின் மனத்தில் அழியாதிருந்த பற்றுக் கணக்கு. தீப்பெட்டி ஆலையின் இரவு ஷிப்டுக்காரர் ஒருவர் பதினொரு கோடு பாக்கி வைத்துவிட்டு ஊருக்குப் போனவர் திரும்பவில்லையாம். அவர் பெயரையும் ஊரையும் ஆயா சொல்லியிருக்கிறார், அவருக்குச் சட்னியில் காரம் ஆகாது என்பதையும்.