இலுப்பைப்பூச் சர்க்கரை

சனிக்கிழமை விடிந்ததோ இல்லையோ, அமெரிக்காவில் எத்தனையோ குடும்பங்கள் மோட்டாரில் மூட்டை முடிச்சுகளை ஏற்றிக்கொண்டு கிளம்பிவிடுகின்றன. மடக்கு நாற்காலி, குடை, ஐஸ் பெட்டி, தின்பண்டம் எல்லாம் கூடவே போகின்றன. ஏதாவது திருவிழாவா என்று கேட்கிறீர்களா? ஒரு விதத்தில் திருவிழாதான். வீட்டுப் பெண் ஸாப்ட்பால் பந்தயத்தில் ஆடப் போகிறாள். அப்பா, அம்மா, பாட்டி எல்லோரும் பார்க்கப் போகிறார்கள்!

ஸாப்ட்பால் என்பது பேஸ்பாலின் தங்கை. 1887-ஆம் ஆண்டு சிகாகோ நகரில், ஒரு படகுக் கழகத்தின் கூடத்துக்குள் பிறந்தது. குத்துச்சண்டைக் கையுறை ஒன்றைக் கயிற்றால் இறுக்கிக் கட்டிப் பந்தாக்கிக்கொண்டு ஆடினார்களாம். இந்தப் பெயர் அதற்கு வந்தது 1926-இல்தான். பெயரில்தான் மென்மை, நேயர்களே, பந்தில் இல்லை! கையைச் சக்கரம்போல் சுழற்றி, இடுப்புக்குக் கீழிருந்து எறிகிறார்கள். கெட்டிக்காரப் பெண் ஒருத்தி மணிக்கு 60 மைல் வேகத்தில் எறிந்தாளானால், 43 அடி தூரத்தைக் கடக்க அந்தப் பந்துக்கு அரை விநாடிகூட ஆகாது. அதற்குள் எதிரே நிற்கும் பெண், பந்தைப் பார்த்து, யோசித்து, மட்டையை வீசியாக வேண்டும்.

இப்பேர்ப்பட்ட ஆட்டத்தில் யாரோடு யாரை மோத விடுவது? இந்த வாரம் நாம் பேசப் போவது அதைப் பற்றித்தான்.

முதலில் வயதைப் பார்த்துப் பிரிக்கிறார்கள். பத்து வயதுக்கு உட்பட்டோர், பன்னிரண்டுக்கு உட்பட்டோர், பதினாலுக்கு உட்பட்டோர் என்று படிப்படியாக வகுப்புகள் உண்டு. சின்னவர்களுக்கு எறியும் தூரம் 35 அடி. பன்னிரண்டு வயது வகுப்புக்கு 40 அடி. அதற்கு மேல் 43 அடி. பத்து வயதுக்காரிகளின் பந்துகூடச் சுற்றளவில் ஓர் அங்குலம் சிறியது. வளரும் பிள்ளைக்குத் தக்கபடி மைதானத்தையும் வளர்த்துக்கொண்டே போகும் இந்த ஏற்பாடு நியாயமானது. வயதில் யாராவது புரட்டுப் பண்ணினாலும் ஒரு நாள் வெளிவந்துவிடும். 2001-இல் 12 வயதுச் சிறுவர்களின் பேஸ்பால் உலகப் பந்தயத்தில் பந்தெறிந்து எல்லோரையும் அசர வைத்த ஒரு பையனுக்கு உண்மையில் 14 வயது என்று பிற்பாடு தெரிந்தது. அவனுடைய கோஷ்டியின் வெற்றிகளையெல்லாம் பதிவிலிருந்து எடுத்துவிட்டார்கள். பிறப்புச் சான்றிதழ் என்ற காகிதம் காட்டிக் கொடுத்துவிட்டது.

ஆனால் திறமைக்கு ஏது பிறப்புச் சான்றிதழ்? அங்கேதான் சங்கடம் ஆரம்பிக்கிறது.

ஒரே வயதுதான், ஆனாலும் வருஷம் முழுவதும் தனிப் பயிற்சி பெறும் பெண்களும் உண்டு, போன மாதம்தான் மட்டையைத் தொட்ட பெண்களும் உண்டு. ஆகையால் பல சங்கங்கள் ஏ, பி, சி என்று தரம் பிரித்திருக்கின்றன. ஏ என்றால் பலசாலிகள். சி என்றால் கற்றுக்கொள்கிறவர்கள். எந்தக் கோஷ்டி எந்தத் தரம் என்று முதலில் சொல்பவர் யார் தெரியுமா? அநேகமாக அந்தக் கோஷ்டியின் பயிற்சியாளரேதான்! வேலிக்கு ஓணான் சாட்சி என்பது இதுதான்.

எல்லாப் பயிற்சியாளர்களும் பொய் சொல்கிறார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. பெரும்பாலோர் நல்லவர்கள். ஆனால் கோப்பை ஆசை யாரை விட்டது? ஏ வகுப்பில் ஆட வேண்டிய கோஷ்டியைப் பி வகுப்பில் கொண்டுவந்து இறக்கி, இரண்டு நாளில் கோப்பையைத் தட்டிக்கொண்டு போகிறவர்கள் உண்டு. இதற்கு அமெரிக்காவில் 'மணல் மூட்டை வித்தை' என்று பெயர். அந்தக் காலத்து வழிப்பறிக்காரர்கள் சிறு பையில் மணலை நிரப்பி வைத்துக்கொண்டு அடிப்பார்களாம். பார்ப்பதற்குச் சாது, பட்டால்தான் தெரியும்!

இதற்கு நேர்மாறான தவறும் உண்டு. “என் பெண் ஏ வகுப்பில் ஆடுகிறாள்” என்று நாலு பேரிடம் சொல்லிக்கொள்ள வேண்டும் என்பதற்காகவே, தயாராகாத கோஷ்டியை மேலே தள்ளிவிடும் பெற்றோர்கள் இருக்கிறார்கள். முன்னது பேராசை, பின்னது வறட்டு ஜம்பம். இரண்டிலும் அடிபடுவது குழந்தைதான்.

ஆட்டம் ஒருதலைப்பட்சமாகப் போனால் பாதியில் நிறுத்திவிட ஒரு விதி இருக்கிறது. கருணை விதி என்று அதைச் சொல்கிறார்கள். கல்லூரிப் பந்தயங்களில் ஐந்து இன்னிங்ஸ் முடிந்தபின் 8 ஓட்டம் வித்தியாசம் இருந்தால் ஆட்டம் முடிந்தது. சிறுமிகளின் பந்தயங்களிலும் இத்தகைய விதிகள் உண்டு. நல்ல விதிதான். ஆனால் அது காய்ச்சலுக்குப் போடும் ஈரத்துணி மாதிரி. நோயை அது தீர்க்காது. ஜோடி சேர்த்ததே தப்பு என்றால், கருணை எத்தனை சீக்கிரம் வந்தால்தான் என்ன?

தோற்றவளுக்கு நஷ்டம் என்பது எல்லோருக்கும் தெரிகிறது. மட்டையில் பந்து படவே படாமல் இரண்டு நாள் நின்றுவிட்டு வந்த பெண், மூன்றாம் நாள் ஆட்டமே வேண்டாம் என்றால் அவளைக் குற்றம் சொல்ல முடியுமா? ஆனால் ஜெயித்தவளுக்கும் நஷ்டம்தான், யோசித்துப் பாருங்கள். ஆலை இல்லாத ஊருக்கு இலுப்பைப்பூச் சர்க்கரை என்பார்கள். அந்தச் சர்க்கரையையே தின்று வளர்ந்த பெண், ஒரு நாள் நிஜமான கரும்பாலை உள்ள ஊருக்குப் போகும்போது என்ன செய்வாள்? கஷ்டமான பந்தைச் சந்தித்தால்தானே கை பழகும்? அலமாரி நிறையக் கோப்பை இருக்கும். கையில் வித்தை இராது.

சரி, கணக்குப் போட்டுத் தரம் பிரித்தால் என்ன என்று கேட்பீர்கள். சதுரங்கத்தில் அப்படித்தான் செய்கிறார்கள். 1970 முதல் உலகச் சங்கமே ஆட்டக்காரர்களுக்குப் புள்ளி கொடுத்து வருகிறது. ஆனால் சதுரங்கம் ஆடுகிறவர் ஒரே ஆள். இங்கேயோ ஒவ்வோர் ஆண்டும் சில பெண்கள் வயது ஏறி அடுத்த வகுப்புக்குப் போகிறார்கள், புதியவர்கள் வருகிறார்கள். நன்றாக எறியும் ஒரு பெண் ஊருக்குப் போய்விட்டால், அன்றைக்கே கோஷ்டி ஒரு படி இறங்கிவிடும். போதாக்குறைக்கு, அதே பெண்களை வைத்துக்கொண்டு கோஷ்டிக்கு வேறு பெயர் சூட்டிவிட்டால் பழைய கணக்கெல்லாம் போயிற்று!

இன்னொரு வழியும் வழக்கத்தில் இருக்கிறது. சனிக்கிழமை எல்லோரையும் கலந்து ஆட விட்டு, அந்த முடிவுகளைக் கொண்டு ஞாயிற்றுக்கிழமைப் பந்தயத்தைத் தங்கம், வெள்ளி என்று பிரிக்கிறார்கள். ஆட்டமே ஆட்டத்தை எடை போடுகிறது. ஆனால் இதிலும் ஓர் ஓட்டை: வெள்ளியில் சுலபமாக ஜெயிக்கலாமென்று சனிக்கிழமை வேண்டுமென்றே தோற்கலாம். நடக்குமா என்கிறீர்களா? 2012 லண்டன் ஒலிம்பிக்கிலேயே, அடுத்த சுற்றில் சௌகரியமான எதிரி வேண்டும் என்று தோற்கப் பார்த்ததற்காக, பூப்பந்தில் நான்கு பெண்கள் ஜோடிகளை வெளியேற்றினார்களே!

ஆகவே விதி மட்டும் போதாது. விதியோடு மனிதரும் வேண்டும். என் அபிப்பிராயம் இதுதான். பயிற்சியாளர் சொல்வதைக் கேட்டுக்கொள்ளட்டும். ஆனால் முடிவு செய்பவர் பந்தயம் நடத்துகிறவராக இருக்கட்டும். எத்தனை ஆட்டம் ஜெயித்தார்கள் என்று மட்டும் பார்க்காமல், யாரை ஜெயித்தார்கள், எத்தனை ஓட்டத்தில் என்றும் பார்க்கட்டும். கோஷ்டியின் பெயரை விட்டுவிட்டு, ஆடும் பெண்களின் பட்டியலைப் பின்தொடரட்டும். ஒரு வகுப்பில் திரும்பத் திரும்பக் கோப்பை வாங்கினால் மேல் வகுப்புக்குப் போயாக வேண்டும். தொடர்ந்து அடிபட்டால் வெட்கமில்லாமல் கீழே இறங்கி வரலாம். இவ்வளவையும் பணம் கட்டுவதற்கு முன்பே எல்லோருக்கும் சொல்லிவிட வேண்டும்.

பெற்றோர்களுக்கும் ஒரு வார்த்தை. நம் வீட்டுக் குழந்தை ஆடுவது ஸாப்ட்பாலோ சடுகுடுவோ, எதுவானாலும் சரி; மைதானத்திலிருந்து வந்தவுடன், “ஜெயித்தாயா?” என்று கேட்பதோடு நிறுத்திவிடாதீர்கள். “யாரோடு ஆடினாய்? ஆட்டம் கஷ்டமாக இருந்ததா?” என்றும் கேளுங்கள். கஷ்டமாக இருந்தது, ஆனாலும் நாளைக்கும் போக வேண்டும் என்று குழந்தை சொன்னால், அவளைச் சரியான வகுப்பில்தான் சேர்த்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.